அறிவுறுத்தலும் ஞாபகமும்

கிராமச் சுகாதார ஊழியர், வேளாண்மை விரிவாக்க அலுவலர், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஆகிய மூவருடைய பணிகளும் வெவ்வேறானவை. எனினும் மூவரும் நாள்தோறும் கையாளும் கருவி ஒன்றேயாகும். அது வாய்ச்சொல். இன்னதை இவ்விதம் செய்க என்று பிறருக்கு எடுத்துரைப்பதே இவர்களுடைய தொழிலின் பெரும்பகுதி. சொன்னபடி காரியம் நடைபெற்றால் மகிழ்ச்சி. நடைபெறாவிடில், "எத்தனை முறை சொன்னாலும் இவர்கள் காதில் வாங்குவதில்லை" என்னும் முறையீடு எழுகிறது.

இம்முறையீடு நியாயமானதுதானா என்பதை உளநூலறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட முடிவு கேட்போருக்குச் சாதகமாகவே உள்ளது. அறிவுறுத்தல் தவறிப்போகும் சந்தர்ப்பங்கள் பலவற்றில், கேட்டவரிடம் அக்கறைக் குறைவு ஏதும் இருப்பதில்லை. அவர் ஒரே சமயத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ளும்படி சொன்ன செய்தி, மனித மனம் ஏந்தக்கூடிய அளவை மீறியதாக இருக்கிறது. இவ்வளவு எத்துணைச் சிறியது, பணி சிக்கலாகும்போது அது எவ்வாறு மேலும் சுருங்குகிறது, இதனை அறிந்து அறிவுறுத்துவோர் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு வீட்டு வாயிலில்

ஒரு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஆஷா ஊழியர் வீட்டிற்கு வந்து, வாய்வழி நீரேற்ற உப்புப் பொட்டலங்களையும் துத்தநாக மாத்திரைகளையும் தாயிடம் தருகிறார். தந்துவிட்டுப் பின்வருமாறு கூறுகிறார்:

"கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். சுத்தமான பாத்திரத்தில் ஒரு லிட்டர் குடிநீர் எடுங்கள். பொட்டலத்திலுள்ள தூள் முழுவதையும் அதில் கொட்டுங்கள். நன்றாகக் கரையும்வரை கலக்குங்கள். ஒவ்வொரு முறை வயிறு போன பின்பும் கால் தம்ளர் முதல் அரைத் தம்ளர் வரை கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் கொடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். 24 மணி நேரம் ஆனபின் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். மாத்திரையை ஒரு கரண்டி தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துத் தினம் ஒன்று கொடுங்கள். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டாலும் 14 நாள் விடாமல் கொடுங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்."

இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிஷமே போதும். இவற்றுள் பிழையான சொல் ஒன்றும் இல்லை. விட்டுவிடத்தக்க சொல்லும் ஒன்றில்லை. ஊழியர், "புரிந்ததா அம்மா?" என்று கேட்கிறார். தாய் தலையசைக்கிறார். ஆனால் எண்ணிப் பார்த்தால், இதில் பதினொரு கட்டளைகள் உள்ளன. கடைசிக் கட்டளைக்குள் மூன்று அபாய அறிகுறிகள் அடங்கியிருக்கின்றன. கேட்பவரோ மடியில் அழும் குழந்தையுடன், அடுப்பின்மேல் ஒரு கண்ணும் வாயிலில் ஒரு கண்ணுமாக இருக்கிறார்.

நான்காம் நாள் ஊழியர் திரும்பி வரும்போது, ஒரு லிட்டருக்குரிய தூள் ஒரு தம்ளர் நீரில் கரைக்கப்பட்டிருக்கக் கூடும். வயிற்றுப்போக்கு நின்ற இரண்டாம் நாளே மாத்திரையும் நின்றிருக்கக் கூடும். இவை அற்பமான பிழைகள் அல்ல. நீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்கு நேரும். நீர் அளவுக்கு மிஞ்சினால் கரைசல் வலுவிழந்து, இழந்த உப்பை ஈடு செய்யாது. மாத்திரை பாதியில் நின்றால், மறுபடியும் நோய் வருவதைத் தடுக்கும் பயன் குறைந்துவிடும்.

இக்கரைசலின் அருமை இந்திய மண்ணிலேயே வெளிப்பட்டதாகும். 1971-ஆம் ஆண்டு வங்காள தேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழியே செலுத்தும் நீர்மம் போதாத நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸும் உப்பும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். அதைப் புகட்டியவர்களுள் பலர் நோயாளிகளின் உற்றார் உறவினரே. ஏறத்தாழ 30 சதவீதமாயிருந்த சாவு 3.6 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவப் பயிற்சி இல்லாத ஒருவர் தம் கையாலேயே ஓர் உயிரைக் காக்கலாம் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சொன்ன முறை அவர் நினைவில் நின்று, அவர் கையில் செயலாக வேண்டும்.

மனத்தின் சிறு பலகை

மனிதனுடைய ஞாபகம் ஒரே தன்மையுடையதன்று. பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும் நினைவு ஒரு வகை. சில விநாடிகளே ஒரு செய்தியை ஏந்தி நின்று, அதன்படி வேலை செய்வதற்கு உதவும் நினைவு மற்றொரு வகை. இவ்விரண்டாவதைச் செயல் நினைவு எனலாம். 1974-இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தனர். சிறுவன் கையிலுள்ள பலகையை இதற்கு உவமையாகக் கூறலாம். பலகை சிறியது, எழுதியது எளிதில் அழியும், புதிதாக எழுத வேண்டுமானால் பழையதைத் துடைத்தாக வேண்டும். வேறுபாடு ஒன்று உண்டு. எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் அந்த ஒரே பலகைதான். ஆகவே கணக்குக் கடினமாகும் தோறும் எழுதுவதற்கு இடம் குறைகிறது.

இப்பலகையில் எத்தனை செய்திகள் கொள்ளும்? 1956-இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் மில்லர், ஏழு, அதற்கு இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் கூறினார். பிற்கால ஆராய்ச்சி அந்த எண்ணிக்கையைக் குறைத்துவிட்டது. மனத்துக்குள் திரும்பத் திரும்ப உச்சரித்துக்கொள்வதற்கும், செய்திகளை ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்வதற்கும் வாய்ப்பில்லாதபோது, வளர்ந்தவர்களும் ஏறத்தாழ நான்கு செய்திகளையே தாங்க முடிகிறது என்று நெல்சன் கவன் 2001-இல் எடுத்துக்காட்டினார்.

அந்த நான்கும் நெடுநேரம் நில்லா. 1959-இல் லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் என்னும் தம்பதியர் ஓர் எளிய பரிசோதனை நடத்தினர். மூன்று எழுத்துக்களைச் சொல்லி, உடனே ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்துப் பின்னோக்கி எண்ணும்படி மாணாக்கரைக் கேட்டனர். 18 விநாடிகள் கழிந்தபின், அம்மூன்று எழுத்துக்களைச் சரியாகச் சொல்ல முடிந்தது பத்து முறைக்கு ஒரு முறைகூட இல்லை. எழுத்துக்கள் மூன்றே, கழிந்த நேரம் 18 விநாடியே. இடையில் மனம் வேறு வேலையில் ஈடுபட்டதொன்றே மறதிக்குப் போதுமானதாயிற்று. பதினொரு கட்டளைகளைக் கேட்டுக்கொண்டே குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொள்ளும் தாயின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மருத்துவமனைகளிலும் இதே நிலைமைதான். நோயாளிகளின் ஞாபகம் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்த ராய் கெசல்ஸ் 2003-இல் எழுதிய கட்டுரையில், மருத்துவர் கூறும் செய்திகளில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனேயே மறக்கப்படுகின்றது என்று குறிப்பிட்டார். எவ்வளவுக்கெவ்வளவு மிகுதியாகச் சொல்லப்படுகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு மறக்கப்படும் பங்கும் மிகுகிறது.

சிக்கல் எதனால் உண்டாகிறது?

கட்டளைகளின் எண்ணிக்கை சிக்கலுக்கு ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் அன்று. ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் ஸ்வெல்லர் 1988 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் ஓர் உண்மை வற்புறுத்தப்படுகிறது. தனித்தனியே புரிந்துகொள்ளத்தக்க பத்துச் செய்திகளைவிட, ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் நான்கு செய்திகள் மனத்துக்கு அதிகச் சுமையாகும். பிந்தியவற்றில் நான்கையும் ஒருங்கே ஏந்தினாலன்றி ஒன்றும் விளங்காது.

மேலே கூறிய அறிவுறுத்தலை இக்கண்கொண்டு ஆராய்ந்தால், எல்லாக் கட்டளைகளும் ஒரே அளவு கடினமானவை அல்ல என்பது தெரியவரும்.

"கைகளைக் கழுவுங்கள்" என்பது தனித்து நிற்பது; ஏற்கனவே பழகியது; சுமையன்று. "ஒரு லிட்டர் நீர்", "முழுப் பொட்டலம்" என்னும் இரண்டோ ஒன்றையொன்று சார்ந்தவை. இரண்டில் ஒன்று மாறினாலும் கரைசல் கெடும். சந்தையில் 200 மில்லிலிட்டருக்குரிய சிறு பொட்டலமும், ஒரு லிட்டருக்குரிய 20.5 கிராம் பொட்டலமும் உள்ளன. ஆகவே எந்தப் பொட்டலத்திற்கு எவ்வளவு நீர் என்னும் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

நிபந்தனையுடன் கூடிய கட்டளை இதனினும் கடினம். "வாந்தி எடுத்தால்" என்றும், "சோர்ந்து கிடந்தால்" என்றும் வருபவை, இப்போது செய்யவேண்டியவை அல்ல. செய்யாமலே போகக் கூடியவையும் ஆகலாம். நிபந்தனையையும் செயலையும் பிணைத்து வைத்துக்கொண்டு, நிபந்தனை எப்போது நிறைவேறும் என்று காத்திருக்க வேண்டும். துத்தநாகத்தின் அளவும் இத்தகையதே. இரண்டு மாதம் முதல் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 20 மில்லிகிராம். ஒரு வயதுக் குழந்தையின் தாய்க்கு முதல் விதி தேவையே இல்லை. அதனையும் சேர்த்துச் சொல்வது, தேவையான விதிக்குரிய இடத்தை அடைத்துக்கொள்வதாகும்.

எல்லாவற்றிலும் கடினமானது, பின்னொரு நாளில் செய்ய வேண்டியது. வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் மாத்திரை தொடர வேண்டும் என்பதை நினைவூட்ட நோயும் இராது; ஊழியரும் இரார்.

மொழியும் சுமையைக் கூட்டலாம். கேட்பவர் வீட்டில் ஒரு மொழியும், அறிவுறுத்துபவர் வேறொரு மொழியும் பேசும் இடங்கள் நம் நாட்டில் ஏராளம். மலைவாழ் மக்களிடையேயும், வேலை தேடி வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களிடையேயும் இந்நிலை அன்றாடம் காணத்தக்கது. சொல்லின் பொருளை உணர்வதற்கே மனம் உழைக்கும்போது, சொன்னதை ஏந்துவதற்கு மிஞ்சும் இடம் சிறிதேயாகும். பழக்கமில்லாத நீண்ட சொற்களும் அவ்வாறே. குறுஞ்சொற்களைவிட நெடுஞ்சொற்கள் குறைவாகவே நினைவில் நிற்கின்றன என்பதை 1975-இல் பேட்லியும் அவருடைய துணைவரும் பரிசோதனையால் நிறுவினர்.

வகுப்பறையில் நிகழ்வது

பள்ளியிலும் இவ்வுண்மை நாள்தோறும் செயற்படுகின்றது. "கணக்குப் புத்தகத்தை எடுத்து, 42-ஆம் பக்கத்தைத் திறந்து, மூன்றாம் கணக்கை விட்டுவிட்டு, நான்காவதையும் ஐந்தாவதையும் நோட்டில் செய்து, விடையின் கீழே கோடிட்டு, நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, இடத்தில் போய் அமருங்கள்" என்று ஆசிரியர் கூறுகிறார். சில மாணாக்கர் அப்படியே செய்கின்றனர். ஒரு சிறுவன் புத்தகத்தைத் திறந்து, பின் பக்கத்துச் சிறுவனைப் பார்க்கிறான். மற்றொரு சிறுமி மூன்றாம் கணக்கையே போடுகிறாள். இவர்களுக்குக் கவனமில்லை என்று பெயர் ஏற்படுகிறது. அப்பெயர் பல ஆண்டுகள் நிலைத்தும் விடுகிறது.

இங்கிலாந்தில் சூசன் கேதர்கோல் அம்மையாரும் அவரைச் சார்ந்தோரும் குழந்தைகளின் செயல் நினைவைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஏழு, எட்டு வயதுக் குழந்தைகள் முப்பது பேர் கொண்ட வகுப்பொன்றில், குறைந்தது மூவருக்கு நான்கு வயதுக் குழந்தையின் சராசரி அளவே செயல் நினைவு இருக்கும் என்றும், வேறு மூவருக்குப் பதினொரு வயதினர் அளவு இருக்கும் என்றும் அவர்கள் கணக்கிட்டுள்ளனர். வயது ஒன்று, வகுப்பு ஒன்று, கட்டளை ஒன்று. ஏந்தும் பலகைகள் மட்டும் பல அளவின. மேற்கூறிய கட்டளையை நிறைவேற்றாத சிறுவனுடைய அறிவிலோ ஒழுக்கத்திலோ குறையில்லாதிருக்கலாம். அவனுடைய பலகையில் மூன்று செய்திகளுக்கு இடமிருக்க, ஆசிரியர் எட்டு எழுதினார்.

இத்தகைய குழந்தையை இனங்காண ஓர் அடையாளம் உண்டு. அவன் கட்டளையின் முதற்பகுதியைச் செய்துவிட்டு நின்றுவிடுவான். அல்லது கடைசியில் கேட்டதை மட்டும் செய்வான். நடுவில் உள்ளவை காணாமற்போகும். ஒரு செயலாகப் பிரித்துச் சொன்னால் மற்றவரைப் போலவே நன்கு செய்வான். இது தெரிந்தபின் அவனைக் கடிந்துகொள்வதில் பயனில்லை என்பது வெளிப்படை.

பகுத்துக் கூறல்

பலகையைப் பெரிதாக்கும் உபாயம் இதுவரை உறுதியாகக் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் மிகுதியாக அடக்கும் உபாயம் உண்டு. 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் சதுரங்க வல்லுநர்களை ஆராய்ந்தனர். ஆட்டத்தின் நடுவே காய்கள் நிற்கும் நிலையைச் சில விநாடிகளே பார்த்துவிட்டு, அதனை ஏறத்தாழ அப்படியே திரும்ப அமைத்துக் காட்டும் ஆற்றல் வல்லுநருக்கு இருந்தது. காய்களை ஒழுங்கின்றிக் கலைத்து வைத்தபோதோ, அந்த ஆற்றல் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. அவர்கள் காய்களைத் தனித்தனியே நினைவில் வைக்கவில்லை. நாலைந்து காய்கள் சேர்ந்த பழகிய அமைப்பை ஒரு தொகுப்பாக வைத்துக்கொண்டனர்.

அறிவுறுத்துவோர் இத்தொகுப்பைக் கேட்போருக்குத் தாமே செய்து கொடுக்கலாம். இங்கிலாந்தில் நோயாளிகளின் ஞாபகத்தை ஆராய்ந்த பிலிப் லே, 1970-களில் ஒரு முறையைக் கண்டார். சொல்லப்போகும் தலைப்புகளை முதலில் கூறி, பிறகு ஒவ்வொரு தலைப்பையும் மறுபடி கூறி அதன் கீழ்ச் செய்திகளைச் சொன்னால், அதே செய்திகள் மிகுதியாக நினைவில் நின்றன. முதலிற் கூறப்படுபவை ஏனையவற்றைவிட நன்கு நிற்பதையும் அவர் கண்டார். ஆகவே உயிருக்கு இன்றியமையாதது முதலில் வருவதே முறை.

மண் மாதிரி எடுக்கும் முறையை உதாரணமாகக் கொள்ளலாம். வரப்பு, மர நிழல், எருக்குவியல், கிணற்றடி ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும்; வயலில் பத்துப் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும்; மேற்பரப்பிலுள்ள இலை, சருகுகளை நீக்க வேண்டும்; ஆப்பு வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும்; எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும்; பெயரும் நில விவரமும் எழுதிப் பையில் இட வேண்டும். இதனை ஒரே மூச்சில் கேட்கும் விவசாயி பாதியை இழப்பார். "மூன்று காரியங்கள்: எங்கே எடுப்பது, எப்படி வெட்டுவது, எப்படிக் குறைப்பது" என்று தொடங்கி, ஒவ்வொன்றையும் முடித்த பின் அடுத்ததற்குச் சென்றால், மூன்று கொக்கிகளில் எல்லாச் செய்திகளும் தொங்கி நிற்கும்.

கையே சாட்சி

கேதர்கோல் குழுவினர் 2008-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளிடம், மேஜைமேலுள்ள பென்சில், அளவுகோல், பெட்டி முதலியவற்றைக் கொண்டு செய்யவேண்டிய தொடர் கட்டளைகள் கூறப்பட்டன. கட்டளையை வாயால் திருப்பிச் சொன்னபோது இருந்ததைவிட, செய்து காட்டும்படி கேட்டபோது குழந்தைகள் மிகுதியான படிகளைச் சரியாக நினைவிற்கொண்டனர். செய்யப்போகிறோம் என்று அறிந்து கேட்கும்போது, சொல்லுடன் பொருளின் இடமும் கையின் அசைவும் மனத்தில் பதிகின்றன எனலாம்.

பெருந்திரளான மக்களிடையே இவ்வுண்மை பயன்பட்டதற்கு வங்காள தேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை நடத்திய இயக்கம் சிறந்த சான்றாகும். பொட்டலம் எளிதில் கிடைக்காத அக்காலத்தில், அரைச் சேர் நீரில் மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் கலந்து கரைசல் செய்யும்படி வீடுதோறும் சென்று தாய்மாருக்குக் கற்பித்தனர். அளவுகோல் தாயின் கையிலேயே இருந்ததால், அதனைத் தனியாக நினைவிற்கொள்ளும் சுமை குறைந்தது. சொல்ல வேண்டியவை பத்துக் குறிப்புகளாக வகுக்கப்பட்டன. தாயே தம் பாத்திரத்தில், தம் கையால் கரைசலைச் செய்து காட்ட வேண்டும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இச்செய்தி சென்றது.

இவ்வியக்கத்தில் குறிப்பிடத்தக்கது வேறொன்று. ஊழியரின் ஊதியம், அவர் எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதைக் கொண்டு மட்டும் நிர்ணயிக்கப்படவில்லை. பின்னொரு நாள் வேறு ஒருவர் சில வீடுகளுக்குச் சென்று, தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைசல் சரியாக அமைகிறதா என்று சோதிப்பார். அச்சோதனையின் பயனுக்கேற்பவே ஊதியம் அமைந்தது. அதாவது, தாய் மறந்தால் அது கற்பித்தவரின் குறை என்று கொள்ளப்பட்டது.

அங்கும் ஒரு பாடம் கிடைத்தது. தாய்மார் முறையை நன்றாக நினைவில் வைத்திருந்தும், குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் அதனைப் பயன்படுத்தவில்லை. ஆராய்ந்ததில், கற்பித்த ஊழியரிலேயே பலர் தமக்கு நோய் வந்தபோது அக்கரைசலைக் கொள்ளாதவர் என்பது வெளியாயிற்று. வீட்டு ஆண்களுக்கும் இச்செய்தி எட்டவில்லை. ஊழியருக்குக் கரைசலின் தத்துவம் விளக்கப்பட்டு, ஆண்களிடமும் பேசத் தொடங்கிய பின்னரே பயன்பாடு உயர்ந்தது. நினைவு இன்றியமையாதது, நம்பிக்கை சேர்ந்தாலன்றி அது செயலாவதில்லை.

பின்னாளுக்குரிய நினைவு

பின்னொரு நாளில் செய்யவேண்டியதை உரிய வேளையில் நினைவுகூர்வது தனியொரு திறமையாகும். "14 நாள் கொடுங்கள்" என்று கேட்டவருக்கு அச்செய்தி மறவாதிருக்கலாம்; எனினும் ஒன்பதாம் நாள் மாலையில் அது தானாக மனத்தில் எழவேண்டுமே! ஜெர்மன் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் இதற்கு ஓர் எளிய உபாயத்தை ஆராய்ந்து 1999-இல் விளக்கினார். "செய்வேன்" என்று பொதுவாக எண்ணுவதைவிட, "இன்னது நிகழும்போது இதனைச் செய்வேன்" என்று குறித்த ஒரு நிகழ்ச்சியோடு பிணைத்துக்கொள்வது பெரிதும் பயன் தருகிறது. அன்றாடம் தவறாமல் நிகழ்வதொன்றை ஊழியர் தாயிடமே கேட்டு அறியலாம். காலையில் முதல் முறை தேநீர் வைக்கும் வேளையாக இருக்கலாம். மாலை விளக்கேற்றும் வேளையாக இருக்கலாம். "விளக்கேற்றியதும் மாத்திரை" என்று அமைந்துவிட்டால், நினைவூட்டும் வேலையை விளக்கே செய்துவிடும். மாத்திரை அட்டையில் 14 மாத்திரைகள் இருக்குமாயின், "அட்டை காலியாகும்வரை" என்பது நாள் எண்ணுவதைவிட எளிதாகும்.

எழுத்தும் படமும்

மிகுந்த பயிற்சியும் நினைவுக்கு முழுப் பாதுகாப்பு ஆகாது. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் புதிய நான்கு இயந்திர விமானம் ஒன்று சோதனைப் பயணத்தில் எழும்பியவுடன் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் தேர்ந்த விமானி. தரையில் நிற்கும்போது வாற்பகுதிச் சுக்கான்களைப் பூட்டிவைக்கும் பூட்டு விடுவிக்கப்படாமலே விமானம் புறப்பட்டதே காரணம். விமானிகள் பயிற்சியைக் கூட்டுவதற்குப் பதிலாக, புறப்படுமுன் பார்க்கவேண்டியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதிவைக்கத் தொடங்கினர். உலகச் சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் இவ்வழியில் வந்ததே. புது டில்லி உட்பட எட்டு நகரங்களிலுள்ள மருத்துவமனைகளில் 19 குறிப்புகள் கொண்ட அப்பட்டியல் சோதிக்கப்பட்டபோது, சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-இல் அறிவிக்கப்பட்டது.

தேர்ந்த விமானிக்கும் அறுவை மருத்துவருக்கும் அட்டை தேவையெனில், இளந்தாய்க்கும் எட்டு வயதுச் சிறுவனுக்கும் தேவை என்பதில் தாழ்வொன்றும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத இடத்தில் படம் அப்பணியைச் செய்யும். படமும் இல்லையெனில் பொருளே செய்யும். வீட்டுக் குடத்திலோ பாட்டிலிலோ ஒரு லிட்டர் மட்டத்தில் இட்ட ஒரு கோடு, "ஒரு லிட்டர்" என்ற சொல்லைவிட உறுதியானது. வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிய "பக்கம் 42, கணக்கு 4, 5" என்னும் ஒரு வரி, சிறுவனுடைய பலகையில் பாதி இடத்தை விடுவித்துவிடும்.

கைக்கொள்ளத்தக்கவை நான்கு

மேற்கூறியவற்றின் சாரத்தை ஊழியரும் ஆசிரியரும் பின்வருமாறு நினைவிற்கொள்ளலாம்.

1. குறைத்தல்: இவருக்கு, இன்று தேவையானதை மட்டும் கூறுதல். ஏனையவற்றை அடுத்த சந்திப்பிற்கு ஒத்திவைத்தல்.

2. பகுத்தல்: சொல்லப்போவது எத்தனை காரியம் என்பதை முதலில் தெரிவித்து, இன்றியமையாததை முதலில் வைத்து, ஒன்று முடிந்தபின் மற்றொன்றைத் தொடங்குதல்.

3. செய்வித்தல்: கேட்டவர் தம் கையால் ஒரு முறை செய்து காட்டும்படி செய்தல்.

4. இறக்கிவைத்தல்: மனத்தில் ஏந்தவேண்டியதைக் கோடாகவோ, படமாகவோ, அன்றாட நிகழ்ச்சியாகவோ வெளியே வைத்துவிடுதல்.

இம்முறையில் அந்த வீட்டு வாயிலுக்கு மறுபடி சென்றால் காட்சி வேறாயிருக்கும். ஊழியர் முதலில் பாத்திரத்தைக் கொண்டுவரச் செய்து, ஒரு லிட்டர் மட்டத்தில் கோடிடுகிறார். கை கழுவுவதும் கரைப்பதும் தாயின் கையாலேயே நடைபெறுகின்றன. ஊழியரின் எதிரிலேயே முதற்கரண்டி குழந்தையின் வாய்க்குச் செல்கிறது. ஐந்து கட்டளைகள் இவ்விதம் செயலாகிவிட்டதால், இனி அவற்றைச் சொல்லாக ஏந்த வேண்டியதில்லை. விளக்கேற்றும் வேளையில் மாத்திரை என்று பேசி முடிவாகிறது. அபாய அறிகுறிகள் மூன்றும் படமாகச் சுவரில் இருக்கின்றன. தாய்ப்பாலைப் பற்றியும், வாந்தி எடுத்தால் செய்யவேண்டியதைப் பற்றியும், மிஞ்சிய கரைசலைப் பற்றியும் மட்டுமே வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு நிமிஷத்திற்குப் பதில் பத்து நிமிஷம் ஆகலாம். பல வீடுகளுக்குச் செல்லவேண்டிய ஊழியருக்கு அது சிறிய விலை அன்று. ஆயினும் ஒரு நிமிஷத்தில் சொல்லி, நான்காம் நாள் பிழையைக் காண்பதோடு ஒப்பிட்டால் அவ்விலை மிகையாகாது.

இறுதியாக, "புரிந்ததா?" என்னும் கேள்வியைப் பற்றி ஒரு சொல். அக்கேள்விக்குப் பெரும்பாலோர் தலையசைப்பர். மரியாதை காரணமாகவோ கூச்சம் காரணமாகவோ அசைப்பர். அவ்வேளையில் உண்மையாகவே புரிந்திருப்பதனாலும் அசைப்பர். தலையசைவு, சொன்னது இன்னும் 18 விநாடியில் இருக்குமா என்பதை அறிவிப்பதில்லை. "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கவேண்டும், ஒரு முறை செய்து காட்டுங்கள்" என்று கேட்டால், சோதனை கேட்டவருக்கன்றிச் சொன்னவருக்கே அமைகிறது. பிழை இருப்பின் அது வெளிப்பட்டு, குழந்தைக்குத் தீங்கு நேருமுன் அவ்விடத்திலேயே திருத்தப்படும்.